எந்தப் பெயரில் தேடினாலும்

நீதிமன்ற அலுவலகத்தில் அவளுக்கு ‘என்கிற அக்கா’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் வாசலில் நிற்கும் காவலர்கூட உதட்டைப் பிதுக்குவார். வழக்குக் காகிதங்களில் ‘இன்னார் என்கிற இன்னார்’ என்று வருமே, அந்த ‘என்கிற’தான் அவளுக்குச் சோறு போட்டது. அதனால் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் கோபம் கிடையாது.

வேலை இதுதான். ஒரே ஆள் ஒரு வழக்கில் பள்ளிக்கூடப் பெயரோடு வருவார். அடுத்த வழக்கில் ஊர் கூப்பிடும் பெயரோடு வருவார். கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ரெண்டு ஆள். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான், பாவம். அவள் உட்கார்ந்து, வந்தவரைக் கேட்டு, எல்லாப் பெயரையும் ஒரே ஆளின் பதிவோடு இணைத்துவிட வேண்டும். பிறகு எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்த ஆள் வந்து நிற்பார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி இருந்த பேரையும் சொல்லணுமா?” என்று ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்பாள்.

“சொல்லுங்கம்மா. அந்தப் பேர்ல யாராவது உங்களைத் தேடினா?”

“அந்தப் பேர்ல என்னை யாரு தேடப்போறா?” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போவாள். இப்படி எத்தனையோ பேர். பெயரைக் கேட்டால் கதையைச் சொல்வார்கள், கதையைக் கேட்டால் அழுவார்கள். என்கிற அக்காவின் மேசையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு டம்ளரும் எப்போதும் இருக்கும்.

வாசல் காவலருக்கு மட்டும் இந்த வேலையைக் கண்டால் இளக்காரம். “ரெண்டு பேர் வச்சுக்கிட்டுத் திரியறவன் எல்லாம் கேடிதான்க்கா. நல்லவனுக்கு எதுக்கு ரெண்டு பேரு?” என்பார், மீசையைத் தடவிக்கொண்டு.

“உங்களை வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?” என்று ஒருநாள் கேட்டாள். மனிதர் அசடு வழிந்து நகர்ந்துவிட்டார். மறுவாரம் சாப்பாட்டுப் பையோடு வந்த அவர் மனைவி, வாசலில் நின்று, “குட்டிமா! கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டீங்க!” என்று ஒரு குரல் கொடுத்தாள். அன்றிலிருந்து காவலர் மாற்றுப்பெயர் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

கம்ப்யூட்டர் வந்த புதிதில், அதைப் பொருத்தியவர் அவளுக்குப் பாடம் எடுத்தார். பேச்சில் கஞ்சத்தனம் இல்லாத மனிதர். “பேருக்குள்ள ஒண்ணும் கிடையாதுக்கா. அது சும்மா ஆள் இருக்கிற இடத்தைக் காட்டும். நூறு பேர் வைங்க, நூறும் அந்த ஒரே இடத்தைத்தான் காட்டும். ஆனா பதிவை அழிச்சுட்டு பேரை மட்டும் விட்டுட்டோம்னு வைங்க, அது எதையும் காட்டாம தொங்கிக்கிட்டு இருக்கும். அதை உடனே தூக்கிடணும்.”

“பாவம், அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே” என்றாள் அவள். அவர் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்.

அவர் வீட்டில் தொங்கும் பெயர் ஒன்றும் இருந்திருக்காது. இவள் வீட்டில் இருந்தது.

அவளுடைய அண்ணனுக்கு வீட்டில் ‘முக்கால்’ என்று பெயர். அவள் வைத்ததுதான். எதை எடுத்தாலும் முக்கால்வாசி செய்து விட்டுவிடுவான். சைக்கிளைப் பிரித்தால் ஒரு சக்கரம் பாக்கி நிற்கும். நெட்டையாய், கதவு நிலையில் தலை இடிக்கும் உயரத்தில், ஆறு மாதத்துக்கு ஒரு தொழில் கற்றுக்கொண்டிருந்தான். ஒருநாள் முன்னறைக்கு நானே வெள்ளை அடிக்கிறேன் என்று கிளம்பினான். மூன்று சுவர் பளிச்சென்று முடிந்தது. நாலாவது சுவர் பழைய பச்சையில் நின்றது. ஒரு வாரம், ரெண்டு வாரம். பிரஷ் டப்பாவுக்குள்ளேயே காய்ந்து இறுகிவிட்டது.

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். போல்ட்டைப் பாதி திருகி விட்டுப் போகிறவனை மன்னிக்கவே மாட்டார். அன்று வேலை முடிந்து கிரீஸ் கையோடு வந்தவர், அந்தச் சுவரைப் பார்த்தார், படுத்திருந்த மகனைப் பார்த்தார். “தொரைக்கு இன்னும் தூக்கம் தெளியலையோ?” என்று ஆரம்பித்தார். அப்புறம் வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. ஒரு சுவரை முடிக்க வக்கில்லாதவன் என்ன வாழ்ந்து கிழிக்கப்போகிறான் என்பதில் வந்து நின்றது. அண்ணன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான். போனவன் போனவன்தான்.

முதலில் கோபம், பிறகு தேடல், பிறகு பேச்சே இல்லை. அப்பா ஒரு பெரிய இரும்பு அலமாரியை வாங்கி அந்தப் பச்சைச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிட்டார். மகனைப் பற்றிய பேச்சும் அதற்குப் பின்னால் போய்விட்டது. அம்மா இறந்த அன்றுகூட வாசலில் ஆள் அரவம் கேட்டபோதெல்லாம் தலையைத் திருப்பினாரே ஒழிய, வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு மட்டும் அண்ணன் மனசை விட்டு ஒருநாளும் இறங்கவில்லை. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களுக்கு அவள் ஆயிரம் காரணம் சொல்வாள். உண்மை என்னவென்றால், அண்ணன் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது வீட்டில் தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவளுக்கே தெரியும்.

அதனால்தான் அந்தக் காலைப் பழக்கம். அலுவலகம் வந்ததும் பையை வைத்து, விசிறியைப் போட்டு, முதல் வேலையாக அண்ணனுடைய பள்ளிக்கூடப் பெயரைத் தேடல் கட்டத்தில் தட்டுவாள். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று வரும். ஒரு வழக்கிலாவது வந்து தொலையேன், திருட்டு வழக்காக இருந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்வாள். பிறகு அடுத்தவர்களுடைய பெயர்களைப் பார்க்க ஆரம்பிப்பாள்.

ஒரு திங்கட்கிழமை புது வழக்குக் கட்டு வந்தது. வண்டி நிறுத்துமிடத்தில் தடுப்புக் கட்டையை இடித்து உடைத்ததாக ஒரு டிரைவர் மேல் புகார். அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் ‘என்கிற முக்கால்’ என்று இருந்தது.

காகிதத்தை மறுபடி படித்தாள். வயது அண்ணன் வயதை ஒட்டி இருந்தது. விலாசம் ஒரு தங்கும் விடுதி. குடும்பத்தோடு இருக்கிறவன் அங்கே ஏன் இருக்கப்போகிறான்? பள்ளிக்கூடப் பெயர்தான் வேறு. வீட்டை வேண்டாம் என்று போனவன் அந்தப் பெயரை மட்டும் வைத்திருப்பானா? தான் வைத்த பெயரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான்! உலகத்தில் இன்னொரு முக்கால் எங்கே இருக்கப்போகிறான்?

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஆளை நேரில் கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லாமல் எந்தப் பெயரையும் இணைக்க மாட்டாள். மேலதிகாரி அவசரப்படுத்தினாலும் மசிய மாட்டாள். அன்று அந்தக் கண்டிப்பு எங்கே போயிற்றோ, டிரைவரின் பதிவைத் திறந்து, ‘பிற பெயர்கள்’ கட்டத்தில் அண்ணனுடைய பள்ளிக்கூடப் பெயரைச் சேர்த்துவிட்டாள். பிறகு வெளியே வந்து அதே பெயரைத் தேடினாள். ‘ஒரு பதிவு உள்ளது’ என்று வந்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விசாரணை நாளன்று தாழ்வாரத்தில் தூண் ஓரமாகப் போய் நின்றாள். பெயர்களைக் கூப்பிடும் ஊழியர் வந்தார். அவரைக் குரல்காரர் என்பார்கள். அந்தத் தொண்டைக்கு மைக் வேண்டியதில்லை. எத்தனை பெயர் இருந்தாலும் அத்தனையையும் சொல்லிக் கூப்பிடுவது அங்கே வழக்கம். பள்ளிப் பெயர் காதில் விழாதவனுக்கு ஊர்ப் பெயர் விழும், அதுவும் விழாவிட்டால் அம்மா கூப்பிட்ட பெயர் விழும் என்பார். வழக்குக் கட்டில் இருந்தபடி டிரைவரின் பெயரைச் சொல்லி, ‘என்கிற முக்கால்!’ என்று முடித்தார்.

பெஞ்சிலிருந்து ஒரு மனிதன் குதித்து இறங்கினான். குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. கால் தரைக்கு எட்டவில்லை. குரல்காரரின் தோளுக்குக்கூட வரமாட்டான். அவனுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. “வந்துட்டேன் சார், வந்துட்டேன்” என்று ஓடினான்.

அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். இணைப்பை எடுத்துவிடத்தான் உட்கார்ந்தாள். கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று பெயரைத் தட்டினாள். ‘ஒரு பதிவு உள்ளது.’ இத்தனை வருஷம் இல்லை, இல்லை என்று சொன்ன மெஷின் இருக்கிறான் என்று சொல்கிறது. பொய்தான். தன் கையால் போட்ட பொய். இருந்தாலும் நாளைக்கு எடுக்கலாமே என்று விட்டாள். நாளைக்கும் நாளைக்கு என்று விட்டாள். அண்ணனை முக்கால் என்று கேலி செய்தவள், தானும் ஒரு வேலையை முக்கால்வாசியில் விட்டாள்.

இந்த நேரத்தில்தான் வீட்டில் வேறொரு பேச்சு எழுந்தது. அவர்கள் இருந்த அடுக்குமாடி விரிசல் விட்டுவிட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எல்லாக் குடும்பமும் கையெழுத்துப் போட்டாயிற்று. இவர்கள் வீடு ஒன்றுதான் பாக்கி. வீடு அம்மா பெயரில் இருந்தது. மகன் கையெழுத்து வேண்டும். இல்லையென்றால், இத்தனை காலம் தகவலே இல்லாத ஆள், இறந்ததாகக் கருதலாம் என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும்.

“மனுவைப் போட்டுடச் சொல்லு” என்றார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. “இல்லாதவனை இல்லைன்னு எழுதறதுக்கு என்ன கஷ்டம்? கீழ் வீட்டுக்காரங்க மேல கூரை விழுந்தா அந்தப் பாவத்தை யார் சுமக்கிறது?”

அவளுக்கு அந்தக் கல்நெஞ்சம் தாங்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மாடி வீட்டு வக்கீலம்மா மனுவை எழுதினார். ஆள் எங்கேயும் தென்படவில்லை என்று காட்ட மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம் என்று எல்லா இடத்திலும் பெயரைத் தேடிச் சான்று வாங்க வேண்டும். என்கிற அக்கா அன்று விடுப்பில், வாடகை வீடு பார்க்கப் போயிருந்தாள். அவளுடைய இடத்தில் இருந்தவர் தேடினார். வந்ததைச் சொன்னார். மனு அப்பா பெயரில் என்பதால் வக்கீலம்மா நேராக அப்பாவுக்கே போன் போட்டுவிட்டார்.

அவள் வீட்டுக்கு வந்தபோது கதவு திறந்து கிடந்தது. இரும்பு அலமாரி அறையின் நடுவில் கோணலாக நின்றது. எதிர் வீட்டுக்காரரும் அப்பாவும் சேர்ந்து தள்ளியிருக்கிறார்கள். அதன் பின்னால் அந்தப் பச்சைச் சுவர், ஒட்டடையோடு. அப்பா முகத்தை மழித்து, இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தார். காலடியில் ஒரு புது பெயின்ட் டப்பா, ஒரு புது பிரஷ்.

“வக்கீலம்மா சொன்னாங்கம்மா. ஏதோ வண்டியைக் கொண்டுபோய்க் கட்டையில மோதிட்டானாம். போன மாசம்தான் கோர்ட்டுக்கு வந்துட்டுப் போனானாம். உனக்குப் பக்கத்துலயே வந்திருக்கான் பாரு!” அவருக்கு மூச்சு வாங்கியது. “பிரேக்கைச் சரியா பார்த்திருக்க மாட்டான் கழுதை. நான் கூட இருந்திருந்தா பார்த்துக் குடுத்திருப்பேன்.”

“எதுக்குப்பா இதெல்லாம்? வீட்டையே இடிக்கப் போறாங்க.”

“இடிக்கட்டும். அதுக்கு முன்னாடி வந்து இதை அடிச்சு முடிச்சுட்டுப் போகட்டும். திட்ட மாட்டேன்னு சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன். வேணும்னா பால்கனியில போய் உட்கார்ந்துக்கிறேன்.”

கல்நெஞ்சம் என்று நினைத்தாளே, அது இத்தனை வருஷமும் அந்த அலமாரிக்குத்தான் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள், சோற்றுப் பானையை இறக்கப் போய்விட்டாள். அப்பா அன்று ரெண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

காலையில் சொன்னாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே நின்றுகொண்டு, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தப் பெயரைப் பார்த்தது, ஆளைக் கேட்காமல் சேர்த்தது, அது அண்ணன் இல்லை என்று தெரிந்தும் எடுக்காமல் விட்டது, எல்லாம்.

அப்பா பிரஷ்ஷின் மயிரை விரலால் நீவிக்கொண்டே கேட்டார். “அந்த ஆள் எப்படி இருந்தான்?”

“குட்டைப்பா.”

“ரொம்பவா?”

“ரொம்ப.”

தலையை ஆட்டிக்கொண்டார். திட்டியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். “நீ எதுக்குப் போட்டேன்னு எனக்குப் புரியுதும்மா” என்றார். “போய் எடுத்துடு. அந்த டிரைவர் தலையில எதுக்கு நம்ம பையன் பேரு?”

எடுத்தாள். பிரிவுத் தலைவரிடம் தானே போய்ச் சொன்னாள். அவர் எழுத்தில் விளக்கம் கேட்டார், எச்சரிக்கை கொடுத்தார். அதை முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டாள். அண்ணன் பெயர் வரும் எந்தப் பதிவிலும் இனி அவள் கை வைக்கக்கூடாது என்றார். அதுவும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் பெயரைத் தட்டினாள். ‘பதிவு எதுவும் இல்லை.’ முன்பு வலித்ததைவிட அதிகமாக வலித்தது.

மனுவைத் திருத்தி எழுத வக்கீலம்மா வீட்டுக்கே வந்தார். “காணாமப் போனவருக்கு என்னென்ன பேர் உண்டோ அத்தனையும் சொல்லணும். ஒண்ணை விட்டாலும் நாளைக்கு யாராவது, சரியாக் கூப்பிடவே இல்லைன்னு சொல்லிடுவாங்க” என்றார்.

பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னார்கள். முக்கால் என்பதைச் சொன்னார்கள். “அவ்வளவுதான்” என்றாள் அவள்.

“தொரை” என்றார் அப்பா.

அவள் திரும்பிப் பார்த்தாள். “அது நீங்க திட்டறதுப்பா. தொரைக்குத் தூக்கம் தெளியலையா, தொரைக்குக் கை வலிக்குதா…”

“அவன் பொறந்தன்னிக்கு ஆஸ்பத்திரியில என் கையில குடுத்தாங்க. காலை நீட்டிக்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாரு. வாங்க தொரைன்னு சொன்னேன். பள்ளிக்கூடம் போற வரைக்கும் நான் வேற பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. நீ அப்போ பொறக்கலை.” அவர் பார்வை பச்சைச் சுவருக்குப் போனது. “கோபத்துலயும் அந்தப் பேர்தான் வாயில வரும். அதை நீ திட்டுன்னு நெனச்சே. அவனும் அப்படித்தான் நெனச்சுட்டான் போல.”

வக்கீலம்மா அதையும் எழுதிக்கொண்டார்.

விசாரணை நாளன்று அப்பா அதே இஸ்திரி சட்டையில் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். அவள் ஊழியராக இல்லாமல், மகளாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரல்காரர் அவளைப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு வெளியே போனார். பள்ளிக்கூடப் பெயர் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. பிறகு, “என்கிற முக்கால்!”

“வந்துட்டேன் சார், வந்துட்டேன்!”

அந்த டிரைவருக்கும் அன்றுதான் வாய்தா. மூச்சிரைக்க உள்ளே ஓடிவந்து கூண்டில் ஏறி நின்றான். கம்பிக்கு மேலே நெற்றி மட்டும் தெரிந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி காகிதத்தைப் புரட்டி, “இவரா உங்க மகன்?” என்று கேட்டார்.

அப்பா எழுந்து நின்றார். அந்த மனிதனைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். அவன் ஒன்றும் புரியாமல் கும்பிட்டான். இவன்தான் என்று சொல்லிவிட மாட்டாரா என்று அவளுக்கு ஒரு நொடி ஆசையாகக்கூட இருந்தது.

“இவர் இல்லீங்கய்யா” என்றார். “என் மகன் நல்ல உயரம். இந்தக் கதவுல தலை இடிக்கும்.” பிறகு, “இன்னொரு பேர் பாக்கி இருக்குங்க. அதை இன்னும் கூப்பிடலை” என்றார்.

நீதிபதி தலையசைத்தார். குரல்காரர் மறுபடி வெளியே போனார். “தொரை!” என்று கூப்பிட்டார். அது வழக்கமாகக் கூப்பிடுகிற குரல் இல்லை. சாப்பாடு ஆறிப்போகிறது, விளையாடியது போதும், வீட்டுக்கு வா என்று தெருவில் நின்று கூப்பிடுகிற குரலாக இருந்தது. தாழ்வாரத்தில் பேச்சு அடங்கியது. அப்பா கதவின் மேல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தார், தலை இடிக்கும் உயரத்தில்.

குரல்காரர் தனியாகத்தான் உள்ளே வந்தார்.

தீர்ப்பு வந்த மறுநாள், பிரிவுத் தலைவர் அண்ணனின் வழக்குக் கட்டைத் தானே எடுத்துப் பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பாத்திரமெல்லாம் கட்டி முடிந்திருந்தது. அலமாரியைக்கூட வண்டியில் ஏற்றியாயிற்று. அப்பா வெறும் அறையில் பச்சைச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“எல்லாப் பேரையும் போட்டாங்களா?”

“போட்டாங்கப்பா.”

“தொரைங்கிறதையும்?”

“அதையும்.”

“இப்போ எந்தப் பேர்ல தேடினாலும் வருவானா?”

அவர் ஏற்றி முடித்ததும் தட்டிப் பார்த்திருந்தாள். பெயர்கள் மூன்றும் வரிசையாக வந்தன. அவற்றுக்குக் கீழே தீர்ப்பின் ஒரு வரியும் வந்தது. அந்த வரியை அவள் சொல்லவில்லை.

“எந்தப் பேர்ல தேடினாலும் வருவான்ப்பா.”

அவர் எழுந்து, திறக்காத பெயின்ட் டப்பாவைத் துணியில் சுற்றி அவளிடம் நீட்டினார்.

“இதையும் எடுத்துக்கம்மா. புது வீட்டுலயும் சுவர் இருக்கும்ல.”